விளங்காத மொழியில் வழங்கும் நயன்மை

(ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதிக் கல்லூரி மாணவர் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

சிறுபான்மையரும் குற்றவியல் நயன்மையும் என்பது இன்று பல நாட்டுக் கல்லூரிகளில் பயிற்றப்பெறும் ஒரு பாடம். நயன்மை என்பது, நீதி என்று பலரும் வழங்கும் சொல்லுக்கு ஈடான தூய தமிழ்ச்சொல். ஒரு நாட்டின் காவல்நிலையமும் நயன்மன்றமும் சிறைக்கூடமும் பெரும்பான்மையரை நடத்துவது போலவே சிறுபான்மையரையும் நடத்துகின்றனவா என்று ஆராய்வதே அப்பாடத்தின் நோக்கம். பாட இறுதியில் மாணவர் தாம் கற்றவற்றைப் பற்றித் தம் எண்ணங்களை எழுதித் தருவதும் உண்டு. அப்பாடத்திற்கு வாய்த்த நூல்களுட் பல அமெரிக்கக் கருப்பின மக்களின் துன்பத்தைப் பேசுகின்றன. அதனைக் கற்கத்தான் வேண்டும். ஆயினும் ஓசூரில் வாழும் மாணவன் தன் எண்ணத்தை எழுத அமர்ந்தால், அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அவன் வீட்டு வாயிலிலேயே அப்பாடம் விரிந்து கிடக்கின்றது.

எல்லைக்கோடு செய்யும் சிறுபான்மை

சூசூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி. இப்பக்கம் தமிழகம், அப்பக்கம் கருநாடகம். 1971-இல் நிறுவப்பெற்ற சிப்காட் நிறுவனம் இங்குத் தொழிற்பேட்டை அமைத்த பின், பல மாநிலத்து உழைப்பாளரும் இங்கு வந்து குடியேறினர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் இம்மண்ணில் நெடுங்காலமாக வழங்குபவை. அவற்றோடு இந்தியும் ஒடியாவும் வங்கமும் அசாமியமும் இன்று தொழிற்சாலை வாயில்களில் கேட்கின்றன. தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்தில் இருளர் வாழ்கின்றனர். இத்தனை மொழியினரும் குடியினரும் ஒரே காவல்நிலைய எல்லைக்குள் வாழும் இடங்கள் தமிழகத்தில் மிகச் சிலவே.

சிறுபான்மையர் என்பார் யார்? அவர் தனியோர் இனமாகப் பிறந்தவரல்லர். எல்லைக்கோடு ஒன்றைக் கிழித்தால், அதன் இருபக்கத்தும் சிறுபான்மையர் தோன்றிவிடுகின்றனர். 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அதுவரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துடன் சேர்க்கப்பெற்றது. அங்கு வாழ்ந்த தமிழர் தம் குடிசையை விட்டு ஓரடியும் நகரவில்லை. ஆயினும் சிறுபான்மையர் ஆயினர். ஓசூர் வட்டம் தமிழகத்தில் நிலைத்தது. இங்கு வாழ்ந்த தெலுங்கரும் கன்னடரும் அவ்வாறே சிறுபான்மையர் ஆயினர். ஆகவே பெரும்பான்மை என்பது எவர்க்கும் பிறப்பொடு வந்த அணிகலன் அன்று. அத்திப்பள்ளியைத் தாண்டியதும் அது நம் தோளிலிருந்து கழன்று விழுந்துவிடும்.

1991 திசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பெற்றனர். ஆயிரக்கணக்கானோர் உடைமை இழந்து எல்லை கடந்து வந்தனர். சிறுபான்மையராய் வாழ்வது எத்தகையது என்பதை அவர்கள் எந்த நூலிலும் படித்தறியவில்லை, பட்டறிந்தனர்.

பிறப்பே குற்றமாகுமா?

சிலப்பதிகாரத்தைக் கற்ற மாணவர்க்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். கோவலன் மதுரைக்கு அயலான், புகாரிலிருந்து வந்தவன். அவனுக்காகப் பேச அந்நகரில் ஆளில்லை. பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி அரசன் ஆணையிட்டான். கொல்ல வந்தவருள் ஒருவன், இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்றும் ஐயுற்றான். அப்பொழுது பொற்கொல்லன் என் செய்தான்? கோவலன் திருடியதற்குச் சான்று காட்டினானா? இல்லை. கள்வர் என்பார் இவ்விவ்வாறு வல்லவர் என்று பொதுவாக அடுக்கினான். அப்பொதுமைப் பேச்சிலேயே உயிர் போயிற்று. குற்றத்தை மெய்ப்பிக்காமல் குற்றவாளி வகையை மட்டும் விரித்துரைத்தலே சிறுபான்மையர்க்கு இழைக்கப்படும் முறைகேட்டின் வேர்.

அவ்வேரைச் சட்டமாகவே நட்டவர் வெள்ளையர். 1871-இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் என்றொன்றை இயற்றினர். 1911-இல் அது சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. ஒரு குடியில் பிறந்தவன் என்பதற்காகவே ஒருவன் காவல்நிலையத்தில் பெயர் பதிந்து, கைரேகை தந்து, இசைவு பெற்றே ஊர்விட்டு ஊர் செல்ல வேண்டும் என்றாயிற்று. அதனை எதிர்த்துப் பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்பிரல் 3-இல் துப்பாக்கிக்கு மார்பு காட்டினர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பெற்றது. இந்தியா முழுதும் 1952-இல் நீங்கிற்று. சட்டம் நீங்கியது, சட்டம் ஊட்டிய எண்ணம் நீங்கவில்லை. 2023 சூன் திங்களில், நம் கிருட்டிணகிரி மாவட்டக் குறவர் குடியினரை ஆந்திரக் காவலர் எல்லை கடந்து வந்து பிடித்துச் சென்று துன்புறுத்தினர் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. பழைய சட்டம் குறித்துவைத்த குடிகளுள் குறவர் குடியின் பிரிவுகளும் உண்டென்பதை மாணவர் இணைத்து எண்ண வேண்டும். சிறைகளில் குலம் பார்த்து வேலை பிரிக்கும் விதிகளும், அக்குடியினரைப் பிறவிக் குற்றவாளியராகக் கருதும் விதிகளும் செல்லா என்று உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது 2024 அத்தோபர் 3-இல்தான். சட்டம் நீங்கி எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்!

கொடுமை எல்லாம் அயலவராலேயே வருவது என்று எண்ணிவிடலாகாது. ஓசூரும் கிருட்டிணகிரியும் அன்று அடங்கியிருந்த தருமபுரி மாவட்டத்தில், அரூர்ப் பக்கத்து வாச்சாத்தி என்னும் மலையடிவாரச் சிற்றூரில் 1992 சூன் 20-இல் நிகழ்ந்ததை எண்ணுக. சந்தனக் கட்டையைத் தேடி வந்ததாகச் சொன்ன காட்டுத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர் அவ்வூர்ப் பழங்குடி மக்களைத் தாக்கினர்; வீடுகளை இடித்தனர்; 18 பெண்களை வன்கொடுமைக்கு ஆளாக்கினர். 90 பெண்களும் 28 சிறாரும் உட்பட 133 பேரைச் சிறையில் அடைத்தனர். ஊர் முழுதுமே குற்றவாளி என்று கொண்டதனால் விளைந்த கேடு இது. அடித்தவரும் தமிழ் பேசியவர். அடிபட்டவரும் தமிழ் பேசியவர்.

அம்மக்கள் சோர்ந்து விடவில்லை. உயர் நயன்மன்ற ஆணையால் வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. 2011 செப்தம்பர் 29-இல் தருமபுரி அமர்வு மன்றம் குற்றஞ்சாட்டப்பெற்ற 269 அலுவலரும் குற்றவாளிகளே என்று தீர்ப்புக் கூறிற்று. அதற்குள் அவர்களுள் 54 பேர் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் ஒறுக்கப்பெற்றனர். 2023 செப்தம்பர் 29-இல் சென்னை உயர் நயன்மன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளி, அப்பெண்கள் ஒவ்வொருவர்க்கும் 10 இலக்கம் உருபா இழப்பீடு வழங்க ஆணையிட்டது. தீர்ப்புக்குப் பத்தொன்பது ஆண்டு. மேல்முறையீடு முடிய முப்பத்தோராண்டு. நயன்மை வந்தது உண்மையே. எத்துணைக் காலந்தாழ்த்து வந்தது என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

மொழி அறியாதான் நிலை

மொழி பேசத் தெரிந்தவனுக்கே இந்நிலை என்றால், மன்றத்தின் மொழியே அறியாதவன் நிலை என்னாகும்?

1993 ஏப்பிரல் 9-இல் பாலாற்றுப் பக்கம் கண்ணிவெடியால் 22 பேர் மாண்டனர். அதனைத் தொடர்ந்து மாதேசுவரன் மலைப் பகுதியிலும் எல்லையோரத்து ஊர்களிலும் எளிய மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் தடாச் சட்டத்தின் கீழ்ச் சேர்க்கப்பெற்றனர். அவர்களுட் பலர் தமிழர். வழக்கு நடந்தது மைசூரில். அம்மாநில மன்றங்களில் வழங்குபவை கன்னடமும் ஆங்கிலமும். 2001 செப்தம்பரில் தீர்ப்பு வந்தபோது பெரும்பாலோர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பெற்றனர். ஆனால் அவருட் பலர் அதற்குள் பல்லாண்டு சிறையிற் கழித்துவிட்டனர். வாழ்நாட் சிறை பெற்ற நால்வர்க்கு 2004-இல் உச்ச நயன்மன்றம் அதனைச் சாவொறுப்பாக உயர்த்தியது. 2014 சனவரியில் அச்சாவொறுப்பு மீண்டும் வாழ்நாட் சிறையாகக் குறைக்கப்பெற்றது. அதிரடிப்படையினர் மக்களைத் துன்புறுத்தியது பற்றி ஆராயத் தேசிய மாந்த உரிமை ஆணையம் 1999-இல் நடுவர் சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007-இல் 89 பேர்க்கு 2 கோடியே 80 இலக்கம் உருபா வழங்கப் பரிந்துரைத்தது.

கடல் கடந்து ஈழத்தை நோக்குக. நல்லரத்தினம் சிங்கராசா என்னும் தமிழர் 1993-இல் பிடிக்கப்பெற்றார். அவர்க்குத் தெரிந்த மொழி தமிழ் ஒன்றே. அவருடைய ஒப்புதலுரை என்று காட்டப்பெற்றதோ சிங்களத்தில் இருந்தது. அவ்வேட்டில் அவருடைய பெருவிரற் பதிவு இருந்தது. அதற்கு மொழிபெயர்ப்பாளராய் இருந்தவரும் காவலரே. அவ்வொரு தாளைக் கொண்டு 1995-இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பெற்றது; மேல்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. இது முறையான உசாவல் ஆகாது என்று ஐ.நா. மாந்த உரிமைக் குழு 2004-இல் கூறியது. தான் என்ன சொன்னதாக எழுதப்பெற்றுள்ளது என்பதையே அறியாத ஒருவன் அதற்காகச் சிறையில் முதுமையடைய வேண்டுமாம்!

அமெரிக்காவில் நெக்ரோன் என்னும் புவேர்த்தோ ரிக்கோத் தொழிலாளி ஆங்கிலம் அறியாதவர். அவர் மேற் சாட்டப்பெற்ற கொலைக் குற்றத்திற்கு உசாவல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. இடைவேளைகளிற் சில மணித்துளி சுருக்கம் சொன்னதே அவர்க்குக் கிடைத்த மொழிபெயர்ப்பு. 1970-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு மன்றம் அத்தீர்ப்புச் செல்லாது என்றது. உடலால் மன்றத்தில் இருந்தும், மொழி விளங்காமையால் அவர் அங்கு இல்லாதவரே என்பதுதான் அதன் கருத்து. 1978-இல் அந்நாடு தன் ஒன்றிய நயன்மன்றங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் சட்டமே இயற்றியது.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

இந்தியச் சட்டத்தில் இவ்வுரிமை இல்லையா? உண்டு. 1962-இலேயே உச்ச நயன்மன்றம், இந்தி மட்டும் அறிந்த ஒருவர்க்கு அவரைத் தடுத்துவைத்த கரணியங்களை ஆங்கிலத்தில் எழுதித் தந்தது போதாது என்று கூறி அவரை விடுவித்தது. காவலர் வாயால் மொழிபெயர்த்துச் சொன்னதும் போதாது என்றது. 1966-இல் உருவாகிய உலகக் குடியுரிமை உடன்படிக்கையின் 14-ஆம் உறுப்பு, குற்றஞ்சாட்டப்பெற்றவர்க்கு விளங்கும் மொழியில் குற்றத்தை அறிவித்தலையும், இலவயமாக மொழிபெயர்ப்பாளர் தருதலையும் கட்டாயமாக்குகிறது. இந்தியா 1979-இல் அதனை ஏற்றது.

1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு, குற்றஞ்சாட்டப்பெற்றவர்க்கு விளங்காத மொழியில் சான்று கூறப்பெற்றால், அதனை அவர்க்கு விளங்கும் மொழியில் திறந்த மன்றத்தில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்றது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் அதுவே 314-ஆம் பிரிவாக நிற்கின்றது. அப்புதிய சட்டத்தின் பெயர் என்ன? பாரதீய நாகரிக் சுரட்சா சன்கிதா! விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும் என்று விதிக்கும் சட்டமே, தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் கன்னடனுக்கும் விளங்காத பெயரைச் சூடிக்கொண்டு வருகின்றது. இதனினும் பெரிய முரண் வேறென்ன வேண்டும்?

2025 நவம்பரில் உச்ச நயன்மன்றம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. எக்குற்றத்திற்காயினும், ஒருவரைத் தளைப்படுத்தும் கரணியத்தை அவர்க்கு விளங்கும் மொழியில் எழுத்து வடிவிலேயே தரவேண்டும். உடனே தர இயலாவிடினும், நடுவர் முன் நிறுத்துவதற்கு 2 மணி நேரத்திற்கு முன்னரேனும் தந்தாக வேண்டும் என்றது.

ஏட்டில் உரிமை இருக்கின்றது. அது ஒடியத் தொழிலாளியின் கையில் ஓசூர்க் காவல்நிலையத்தில் கிடைக்கின்றதா? உடன் வேலை செய்யும் ஒருவனையோ, ஆள்திரட்டும் ஒப்பந்தக்காரரையோ, அரைகுறை இந்தி அறிந்த காவலரையோ மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவது நயன்மை ஆகாது. வழக்கில் தொடர்புடையவனே வாயும் செவியுமாக நின்றால், இடையிற் சிக்கியவன் கோவலனே ஆவான். இந்தியச் சிறைகளில் அடைபட்டோருள் ஏறத்தாழ நால்வரில் மூவர் தீர்ப்பு வராத உசாவற் சிறையாளர் என்பதை அரசின் கணக்குகளே காட்டுகின்றன. பிணை கேட்கவும் மொழி வேண்டும். பிணைக்கு ஆள் தேடவும் மொழி வேண்டும். ஊரும் உறவும் மொழியும் இல்லாதவன் அக்கூட்டத்தில் கடைசியாகவே வெளிவருவான்.

தமிழர் கடமை

இங்கு ஒரு வினா எழும். தமிழகத்தில் தமிழே எங்கும் ஆளவேண்டும் என்போர், தெலுங்கனுக்கும் கன்னடனுக்கும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாமா? அது தமிழைத் தளர்த்தாதா?

தளர்த்தாது என்பதே விடை. 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், 1976-இல் அதற்குச் செய்யப்பெற்ற திருத்தமும் தமிழகக் கீழ்மன்றங்களில் தமிழுக்கு இடந்தந்தன. சென்னை உயர் நயன்மன்றத்திலோ இன்றும் ஆங்கிலமே ஆள்கின்றது. இராசத்தானம், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநில உயர் மன்றங்களில் இந்திக்கு இடமுண்டு. தமிழுக்கு அவ்விடம் வேண்டும் என்று 2006-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியும் நடுவணரசு இசையவில்லை. இது தமிழர்க்கு இழைக்கப்பெற்ற முறைகேடு. இதனை எதிர்த்துக் கேட்பது நம் உரிமை.

ஆனால் அவ்வுரிமையை எதன்மேல் நின்று கேட்கின்றோம்? தன் வாழ்வையும் சாவையும் முடிவுசெய்யும் மன்றத்தில் என்ன நடக்கின்றது என்பது மாந்தனுக்கு விளங்க வேண்டும் என்னும் அறத்தின்மேல் நின்று கேட்கின்றோம். அவ்வறம் தமிழனுக்கு மட்டும் உரியதாயின், அது அறமாகாது. வெறும் வலிமைப் பேச்சாகிவிடும். மைசூர் மன்றத்தில் தமிழனுக்கு மொழிபெயர்ப்புக் கேட்கும் வாய், ஓசூர் மன்றத்தில் கன்னடனுக்கு அதனை மறுக்குமாயின், மைசூரிற் கேட்டதும் பொய்யாகிவிடும். ஈழத்தில் சிங்களத் தாளில் தமிழன் விரல் பதித்தது கொடுமை என்றால், ஒடியா மட்டும் அறிந்தவன் ஓசூரில் தமிழ்த் தாளில் விரல் பதிப்பதும் அத்தன்மையதே.

மன்றத்தின் மொழி வேறு. குற்றஞ்சாட்டப்பெற்றவனின் செவிமொழி வேறு. மன்றமொழி தமிழாகவே இருக்கட்டும்; தீர்ப்பு நல்ல தமிழில் எழுதப்பெறட்டும். அத்தமிழை அயல்மொழியானுக்குப் பெயர்த்துச் சொல்ல ஆள் இருக்கட்டும். ஒரு மொழி ஆட்சிமொழி ஆகும்பொழுது உரிமையோடு கடமையையும் ஏற்கின்றது. அக்கடமையைச் செய்யும் மொழியையே பிறமொழியார் அச்சமின்றி ஏற்பர்.

மாணவர்களே! செய்யத்தக்கவை சில உள. ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருட்டிணகிரி ஆகிய இடங்களின் காவல்நிலையங்களும் நயன்மன்றங்களும் தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி, ஒடியா, வங்கம், அசாமியம் அறிந்த, வழக்கோடு தொடர்பற்ற மொழிபெயர்ப்பாளர் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். தளைப்படுத்தும் கரணியத்தைத் தரும் தாள் இம்மொழிகளில் அணியமாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இலவயச் சட்ட உதவி உண்டென்னும் செய்தி தொழிலாளர் விடுதிச் சுவர்களில் அவரவர் மொழியில் ஒட்டப்பெற வேண்டும் என்று கேளுங்கள்.

குற்றவியல் மன்றங்கள் சட்டப்படி திறந்த மன்றங்கள். பொதுமக்கள் சென்று அமர்ந்து கேட்கலாம். சென்று அமருங்கள். கூண்டில் நிற்பவன் முகத்தைப் பாருங்கள். வழக்கறிஞர் பேசுவது அவனுக்கு விளங்குகின்றதா, அல்லது தன்னைப் பற்றித்தான் பேசுகின்றார்கள் என்பது மட்டும் விளங்குகின்றதா என்று பாருங்கள். உங்கள் பாடத்திற்கு நீங்கள் எழுதவேண்டிய எண்ணக் குறிப்பு அங்குதான் இருக்கின்றது. உங்களுள் பலர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிப் பள்ளியில் தமிழ் கற்றவர். அவ்விருமொழி அறிவை ஒரு குறையாக எண்ணாதீர்கள். நாளை ஓர் ஏழையின் உயிருக்கும் விடுதலைக்கும் இடையே நிற்கும் பாலம் உங்கள் நாவாக இருத்தல் கூடும்.

தமிழ் தன் மன்றங்களில் அரியணை ஏறட்டும். அவ்வரியணையின் முன் நிற்கும் அயல்மொழி எளியவனும், தன் மேல் என்ன குற்றம் சாட்டப்பெற்றுள்ளது என்பதை அறிந்து, அச்சமின்றி நிமிர்ந்து மறுமொழி கூறட்டும். அந்நாளிலேயே தமிழர் ஆட்சி முறையான ஆட்சி எனப்படும்.

வெல்க தமிழ்! வாழ்க நயன்மை!